ஆறு தாளிலும் சிரித்த முகம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர, பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன், இதை எழுத உட்காருவதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன வருடம் ஆனி மாத வெயிலில், எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் நடந்தது. லாரியில் வரும் இரும்புக் குழாய்க் கட்டுகளை கிரேன் வைத்து இறக்கி அடுக்குவது எங்கள் வேலை. ஒப்பந்தக்காரரிடம் ஆறு பேர் கொண்ட குழு. நான் சிக்னல் காட்டுகிறவன். கிரேன் ஓட்டுகிறவருக்குக் கட்டின் மறைவில் யார் நிற்கிறார் என்று தெரியாது. என் கைதான் அவருக்குக் கண். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்க வேண்டும், கீழே நீட்டிச் சுற்றினால் இறக்க வேண்டும்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவன் வீட்டில் சாவு, காய்ச்சல் என்று வராவிட்டால், அவன் டோக்கனில் இன்னொருவன் அடுத்த ஷிப்டும் சேர்த்து நிற்பான். அவன் பெயர் வருகைப் பதிவில் விழாமல் போகக் கூடாது என்பதற்காகத்தான்; அந்த ஷிப்டின் கூலி நின்றவனுக்கு. இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. நட்பாகத் தொடங்கியது, பிறகு வாரத்தில் மூன்று நாள் யாராவது ஒருவன் இரண்டு ஷிப்ட் நிற்பது என்று ஆகிவிட்டது. சூப்பர்வைசருக்குத் தெரியும், தெரியாதது போல இருப்பார். ஆள் குறையாமல் வேலை நடந்தால் அவருக்குப் போதும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு என்று ஒரு அம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். வேலை செய்கிறவர்களின் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்று கேட்கிற தாள் ஒன்று கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து முகம் போட்டிருந்தது. முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். நன்றாகத் தூங்குகிறீர்களா, காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா, வேலைக்குக் கிளம்பும்போது வயிற்றைக் கலக்குகிறதா, வீட்டில் சும்மா சும்மா எரிந்து விழுகிறீர்களா என்றெல்லாம் கேள்விகள்.

சூப்பர்வைசர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "பாத்துப் போடுங்கப்பா. அடுத்த மாசம் கேட் பாஸ் புதுப்பிக்கணும், ஞாபகம் கீதுல்ல?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. டோக்கன் விஷயம் வெளியே வந்தால் ஆறு பேருக்கும் கேட் மூடிவிடும்.

சாப்பாட்டு வேளையில் தாள் வந்தது. எங்கள் குழுவில் படித்தவன் என்று சொன்னால் நான்தான், ஐந்தாம் வகுப்பு! எல்லோர் கையிலும் கிரீஸ், சோறு.

"நீயே போட்டுடு மாமு, நீதான் கலெக்டரு" என்று கிரேன் ஓட்டுகிறவர் சிரித்தார்.

நான் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆறு தாளிலும், எல்லாக் கேள்விக்கும், சிரிக்கிற முகத்தின் மேலேயே கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். எல்லோரையும் காப்பாற்றிவிட்டதாகத்தான் அப்போது எனக்கு நினைப்பு.

உண்மையில் என் நிலைமை வேறு. அந்த மாதத்தில் மட்டும் எத்தனை நாள் இரண்டு ஷிப்ட் நின்றேன் என்று எனக்கே நினைவில்லை. படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் கண் சொக்கும். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் என் மனைவி, "இன்னாய்யா, தூக்கத்துல உன் விரலு சுத்திக்கினே கீது. வூட்டுல யார் தலையில இறக்கினு கீறே?" என்று கேட்டாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாள் கொடுத்த இரண்டாம் நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் டோக்கனில் முந்தின ஷிப்டும் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போகாமல் தொடர்ந்து நின்றுகொண்டிருந்தேன். குழாய்க் கட்டு மேலே தொங்குகிறது. கீழே எங்கள் குழுவின் நெட்டுக்குப்பத்துக்காரர் குனிந்து, கட்டு உட்காருவதற்கு மரக்கட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். முன்பு முகத்துவாரத்தில் வலை போட்டவர், மீன் குறைந்த பிறகு யார்டுக்கு வந்தவர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அவர் கட்டை வைத்து முடித்து வெளியே வந்த பிறகுதான் நான் முழுசாக இறக்கச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஆள் உயரத்தில் நிறுத்த வேண்டும்.

லாரியின் பக்கப் பலகையில் லேசாகச் சாய்ந்தேன். விரலைக் கீழே நீட்டிச் சுற்றியது ஞாபகம் இருக்கிறது. நிறுத்து என்று கையை விரித்தது ஞாபகம் இல்லை. ஏனென்றால் நான் விரிக்கவே இல்லை. நின்றபடியே தூங்கிவிட்டேன்.

கண் விழித்தது கிரேனின் ஹாரன் சத்தத்துக்கு. கட்டு, குனிந்திருந்த அவர் முதுகுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஆடாமல் நின்றது. என் கை அப்போதும் கீழே பார்த்து நீட்டியபடிதான் இருந்தது. அவர் எதுவும் தெரியாமல் கடைசிக் கட்டையைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, "ஆச்சுப்பா, இன்னா வேடிக்கை பாத்துகினு கீறீங்க, இறக்குங்க" என்று கத்தினார்.

கேபினை விட்டு எளிதில் இறங்காத கிரேன்காரர் அன்றைக்கு இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா மாமு, நின்னுகினே செத்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். "உன் விரலு சுத்துறது நின்னுது, நானும் நின்னுட்டேன். அதுக்கு முன்னாடி, இறக்கினு இருக்கசொல்ல போன் அடிச்சுது. குனிஞ்சு பாக்கலாம்னு நெனச்சேன். பாக்கல."

பாக்கல என்ற அந்த ஒரு சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பார்த்திருந்தால்?

குழாய்க் கட்டை இறக்கி முடித்தோம். அப்போதுதான் அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. நன்றாகத் தூங்குகிறீர்களா? சிரித்த முகம். வேலையில் பயம் இருக்கிறதா? சிரித்த முகம். அந்த முதுகுக்குச் சொந்தக்காரரின் தாளிலும் நான்தானே சிரிப்பைப் போட்டேன்!

மறுநாள் அந்த அம்மாவுக்கு யார்டில் கடைசி நாள். காலையிலிருந்து கொட்டகைப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிடுவாரோ என்று ஒரு பக்கம், அந்த அம்மா கிளம்பிவிடுவாரோ என்று ஒரு பக்கம். தண்ணீர் குடிக்கிற மாதிரி போய் நின்றேன். கடைசியில், "எங்க பேப்பர் தப்பும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஆறு தாளை எடுத்தார். "இதை அப்பவே தனியா எடுத்து வச்சிட்டேண்ணா. ஆறும் ஒரே பேனா, ஒரே கோடு. ஆறு பேருக்கும் ஒரு குறையும் இல்லன்னு இருந்துச்சு" என்றார். கோபப்படவில்லை. தாளில் யார் பெயரும் கிடையாது, யாரிடமும் காட்ட மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதுத்தாள் ஒன்று கொடுத்தார். மற்ற ஐந்து பேருக்கும் நானே திருத்திப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"மறுபடியும் நீங்களேவா, அண்ணா?"

வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து வெற்றுத் தாளை வாங்கிக்கொண்டு போனேன். அந்த நூறடி தூரம் நடந்தது போல நான் எங்கேயும் பயந்து நடந்ததில்லை. தாளைக் கொடுக்க வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நெட்டுக்குப்பத்துக்காரரிடம் நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைக்காமல் வாயிலேயே வைத்திருந்தார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன்.

"உன்னாண்ட நான் சிரிக்கிறேன்னு சொன்னேனா?" என்று கேட்டார். "குடு இங்க. என் மூஞ்ச நானே போட்டுக்குறேன்."

ஒவ்வொரு கேள்வியையும் நான் படித்துக் காட்ட, அவர் விரல் வைத்தார். தூக்கம் அவருக்கு நன்றாகத்தான் வருகிறதாம். அது எனக்குத் தெரியாது. வீட்டிலும் சண்டை இல்லையாம். வேலையில் பயம் இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் கடைசி முகத்தைத் தொட்டார். "நேத்திலருந்து இல்ல, வந்த நாள்லருந்தே" என்றார். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

அதன் பிறகு மூன்று மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன் அடித்தால் வேலை போய்விட்டது என்றே தோன்றும். பாஸ் இரண்டு வாரம் தாமதமாக வந்தபோது சோறு இறங்கவில்லை. ஆனால் வந்தது. ஆராய்ச்சி அறிக்கை யார் பெயரும் இல்லாமல் மேலே போயிருக்கிறது. கொஞ்ச நாளில் குழுவுக்கு ஒரு மாற்று ஆள் போட்டார்கள், தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நிற்கக் கூடாது, வாரத்துக்கு ஒரு நாள் கட்டாயம் லீவு என்று பலகை மாட்டினார்கள். எங்கள் தாளால்தானா என்று தெரியாது. கூடுதல் ஷிப்ட் போனதில் எங்களில் ஒருவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் வீட்டுக் கஷ்டம் அவருக்கு. அதையும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவன்தான்.

இப்போதும் குழாய்க் கட்டு தொங்கும்போதெல்லாம் என் விரலை நானே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். கீழே இருக்கிறவரிடம், "தூங்கினியா, உடம்பு எப்படி கீது?" என்று கேட்காமல் கையைத் தூக்குவதில்லை. அடுத்தவன் முகத்தை அவனைக் கேட்காமல் நாம் வரைந்துவிடக் கூடாது என்பது அந்த ஒரு முழ இடைவெளியில் நான் படித்த பாடம், என் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு.

எழுதி முடித்தது: ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இன்று லீவு.