நாற்பத்தோராம் இடமும் எட்டு வாக்குகளும்

நோர்வேயில் நான் இருக்கும் மோர்டென்ஸ்ருட்டில் தேர்தல் வந்தால் கடைத்தொகுதிக்கு முன்னால் சின்னச் சின்னப் பலகைக் குடில்கள் முளைத்துவிடும். கட்சிக்கு ஒன்று, தோள் முட்ட அருகருகே. ஒன்றில் ரோஜாப்பூத் தருவார்கள், அடுத்ததில் அப்பிள், அதற்கும் அடுத்ததில் பிள்ளைகளுக்கு பலூன். மழை தூறினால் ஒரு கட்சிக்காரர் மற்றக் கட்சிக்காரரின் கூரைக்குள் ஒதுங்கி, அவருடைய பிளாஸ்கில் இருந்தே கோப்பி ஊற்றிக் குடிப்பார். இதை முதன்முதலில் கண்ட அன்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்று, போகவேண்டிய தே-பானே ரயிலைத் தவறவிட்டேன். எங்கள் ஊரில் தேர்தல் என்றால் அப்பா பொழுதுபடமுன் கேற்றைப் பூட்டிவிடுவார். எந்தக் கட்சிக்குப் போடுவது என்பதை வீட்டுக்குள்ளும் உரத்துக் கதைக்கக் கூடாது. இங்கே எதிர்க்கட்சிக்காரருக்குச் சீனி போதுமா என்று கேட்கிறார்கள்.

அந்த ரோஜாப்பூக் குடிலில்தான் பெரிட் என்ற கட்சிக்காரி நின்றாள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவளுடைய தாய் இருந்தார், அப்படிப் பழக்கம். இரண்டாயிரத்து மூன்று உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய மாரியில், தன் கட்சியின் கிளைக் கூட்டத்துக்கு வரச் சொன்னாள். வெறுங்கையோடு போவதா என்று முப்பது மீன் றோல்ஸ் பொரித்துக் கொண்டு போனேன். அங்கே ஒன்பது பேர் வாஃபல் தின்றுகொண்டு வேகத்தடை பற்றிக் கதைத்தார்கள். கூட்ட முடிவில் பெரிட் என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு, கட்சியின் பட்டியலில் என் பெயரைப் போட விருப்பமா என்று கேட்டாள். நோர்வேயின் வடக்கில் மீன் ஆலையில் தொடங்கிய என் வாழ்க்கை இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று ஒரு கணம் பூரித்துப் போனேன். நான் யோசிப்பதைப் பார்த்துப் பெரிட் பயந்துவிட்டாள் போலும். என் கையைப் பிடித்து, மிகவும் அன்பாக, “ஒன்றுக்கும் பயப்படாதே. நாற்பத்தோராம் இடம். நீ தெரிவாவதற்கு வாய்ப்பே இல்லை” என்றாள்.

இங்கே அது ஆறுதல் வார்த்தை. பட்டியலை நிரப்புகிறவர்களுக்கு வேலை நெருக்கடி வராது என்று உறுதி சொல்வது இவர்களின் மரியாதை. அது எனக்கு விளங்கப் பல காலம் பிடித்தது. அன்று முகத்தில் தண்ணீரை ஊற்றியதுபோல இருந்தது. வாய்ப்பே இல்லையென்றால் ஏனடி என்னைக் கேட்கிறாய் என்று தமிழில் மனதுக்குள் கேட்டேன், அவளுடைய நோர்ஸ்க் மொழியில் “தாக், சந்தோஷம்” என்று நன்றி சொன்னேன். செப்டெம்பரில் பெரிட் சொன்னபடியே நான் தெரிவாகவில்லை. தமிழ்ச் சனம் விடுமா? கோயிலிலும் பிறந்தநாள் வீட்டிலும் “என்ன, நாப்பத்தொண்டு எப்பிடி இருக்கிறியள்?” என்று ஒரு வருசம் என்னைப் பகிடி பண்ணினார்கள்.

இந்தக் காயத்தோடு நான் இருந்த நேரத்தில்தான் ரொறன்ரோவில் இருந்து என் தங்கை சுகந்தி தேர்தல் கேட்கப்போவதாகச் சொன்னாள். எனக்கும் அவளுக்கும் இரண்டு வயது வித்தியாசம். நான் படித்து முடித்த புத்தகத்தில் படித்தவள், நான் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டவள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வைத்தியசாலைச் சமையல்கட்டில் வேலை செய்தாள். தொழிற்சங்கத்தில் பிரதிநிதியாக இருந்தாள். அந்தச் சங்க வழியாகச் செம்மஞ்சள் கட்சிக்குள் போய், இப்போது தன் தொகுதியில் அந்தக் கட்சியின் வேட்பாளராக நிற்க ஆசைப்பட்டாள். கட்சிப் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. நிறத்தைச் சொன்னால் கனடாவில் இருக்கும் உங்களுக்கு விளங்கும், ஊரில் இருக்கும் உங்களுக்குப் பெயரைச் சொன்னாலும் நிறத்தைச் சொன்னாலும் ஒன்றுதான்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவள் ரெலிபோன் எடுத்து எனக்குக் கனடாவின் கட்சிச் சரித்திரம் சொல்வாள். சங்கத்து வகுப்பில் படித்தது முழுவதையும் என் காதில் கொட்டுவாள். செம்மஞ்சள் கட்சியின் வேர் கோதுமை விளையும் சமவெளியில் இருக்கிறதாம். விலை விழுந்து, புழுதி எழும்பி, சனம் பட்டினி கிடந்த காலத்தில் விவசாயிகளும் தொழிலாளரும் சில தேவாலயப் போதகர்களும் சேர்ந்து தொடங்கிய இயக்கமாம். இன்று கனடாவில் காசு கட்டாமல் வைத்தியம் பார்க்கிறார்களே, அது முதலில் அந்தச் சமவெளி மாகாணம் ஒன்றில் பல வருசம் சண்டை பிடித்து வாங்கியதாம். நீலத்தில் இரண்டு கட்சி இருந்ததாம், ஒன்று பழசு, மற்றது மேற்குப் பக்கத்துச் சனம் தங்களை ஒருவரும் மதிப்பதில்லை என்ற கோபத்தில் எழுப்பியது. இரண்டும் அந்த மாரியில்தான் ஒன்றாகியிருந்தன. சிவப்புக் கட்சியோ எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் நடுவில் நிற்கத் தெரிந்தது என்று சொல்லிச் சிரித்தாள்.

பிரெஞ்சு பேசும் மாகாணத்தின் கட்சியைப் பற்றிச் சொன்ன அன்று நான் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நாட்டைவிட்டுப் பிரியவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் கட்சி, அந்த நாட்டின் பாராளுமன்றத்திலேயே இருந்து சம்பளம் எடுக்கிறது. பிரிவதா என்று இரண்டு தரம் அந்த மாகாணத்துச் சனத்திடம் வாக்கெடுத்தும் பார்த்துவிட்டார்கள். இரண்டாம் தரம் நாடு மயிரிழையில் தப்பியதாம். அடுத்த நாள் எல்லாரும் வழமைபோல வேலைக்குப் போனார்களாம். எங்கள் நாட்டில், பிரிவு என்ற அந்தச் சொல்லைக் கைவிட்டுச் சத்தியம் செய்யமாட்டோம் என்றதற்காக எங்கள் ஆட்களின் பாராளுமன்றக் கதிரை பறிபோனதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் நாங்கள். அதன் பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இயக்கம் என்றால் அவர்களுக்குக் கூட்டம், அங்கத்துவப் படிவம், கை உயர்த்தல், கடைசியில் ஒரு கட்சி. அந்தக் கோதுமைக்காரர் மேலும் பிரெஞ்சுக்காரர் மேலும் எனக்கு வந்தது மரியாதை அல்ல, பொறாமை.

ஆனால் அந்தப் பொறாமை உலகத்துக்குச் சொல்லக்கூடியது, கௌரவமானது. அதற்கு அடியில் இருந்ததுதான் அழுக்கு. என் தங்கை ஒரு நாட்டின் சரித்திரத்துக்குள் கால் வைத்து நடக்கிறாள், நான் வாய்ப்பே இல்லாத நாற்பத்தோராம் ஆள். வயிறு எரிந்தது. இதை எழுதக் கை கூசுகிறதா என்றால், இப்போது இல்லை.

கனடாவில் கட்சி தன் வேட்பாளரை ஒரு மேசையில் இருந்து முடிவு செய்வதில்லை. தொகுதியில் உள்ள அங்கத்தவர்கள் ஒரு மண்டபத்துக்கு வந்து வாக்குப் போட்டுத் தெரிவு செய்வார்கள். சுகந்திக்குப் போட்டியாக ஒரு வெள்ளைக்கார ஆசிரியரும் நின்றார். யார் ஆட்களை மண்டபத்துக்குக் கொண்டுவருகிறாரோ அவருக்கே வெற்றி. எங்கள் ஆட்களைக் கொண்டுவருவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். படிவம் நிரப்பினால் போதாது, கடிதம் வந்தால் போதாது. வீட்டுக்கு முறையாகச் சொல்ல வேண்டும். சொல்லவேண்டிய ஆள் சொல்ல வேண்டும். “எங்களுக்கு ஆர் சொன்னது?” என்ற ஒரு கேள்வியில் எத்தனை கலியாணம், எத்தனை செத்தவீடு எங்கள் பக்கத்தில் முறிந்திருக்கிறது.

சுகந்தியின் சிக்கல் குணம் மாமா. அம்மாவின் தம்பி. அவர் வீட்டில் வாக்குப் போடும் வயதில் எட்டுப் பேர். மாமாவின் மகன் சதீஸ் சுகந்தியோடு அதே சமையல்கட்டில் வேலை செய்தான், எட்டுப் பேருக்கும் அவனே படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் மாமா அசையாமல் வீடு அசையாது. சுகந்தி தன் கலியாணத்துக்கு மாமாவுக்குத் தபாலில் அழைப்புக் காட் அனுப்பியவள், நேரில் போய்ச் சொல்லவில்லை. அன்று தொடக்கம் அவர் அவளோடு கதைப்பதில்லை. என்னோடு மட்டும் கதைப்பார். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டுக்கு நான் மூத்தவள், என் சொல்லுக்கு அவர் வருவார் என்று சுகந்திக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பதினைந்து வீடுகளின் பெயரும் நம்பரும் தந்து, “மற்ற ஆக்களை விட்டாலும் மாமாவை விட்டிடாதை அக்கா” என்றாள்.

பதினாலு வீட்டுக்கு நான் ரெலிபோன் எடுத்தேன். நன்றாகவே கதைத்தேன், தங்கச்சிக்கு ஒரு கை கொடுங்கோ என்று கெஞ்சவும் செய்தேன். மாமாவுக்கு ஆறுதலாகக் கதைக்க வேண்டும் என்று கடைசிக்கு வைத்தேன். கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்க, மீன் வாங்க நகரத்துக்குள் குறொன்லாண்டில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போனேன். அந்தக் கடையில் நான் பன்னிரண்டு வருசமாகச் சாமான் வாங்குகிறேன். கடைக்காரர் மீனை நிறுத்துக்கொண்டு, “கனடாவிலை எலெக்சன் கேக்கிறாவாம் ஒரு பிள்ளை, அவவின்ரை அக்காவோ நீங்கள்?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் இதே ஊரில் பட்டியலில் நின்றபோது அந்த மனிசன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஓம் என்றேன். மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், தேத்தண்ணி போட்டேன், ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்று எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் வேலைக்குப் போய் வந்து, சோறு சமைத்து, துணி மடித்து, யன்னல் துடைத்து, எடுக்காமலே இருந்தேன். மறந்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். மறக்கவில்லை.

கூட்டம் நடந்த அன்று சுகந்தி மண்டபத்தில் இருந்தே எடுத்தாள்.

“அஞ்சு வோட்டாலை தோத்துப்போனன் அக்கா.”

ஐந்து.

“மாமா வீட்டாக்கள் ஒருத்தரும் வரேல்லை. நீ எடுத்தனியே?”

“எடுத்தனான். ஒருத்தரும் தூக்கேல்லை.”

பின்னால் மண்டபத்தில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி விடு. கதிரை அடுக்கவேணும், பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டாள். தோற்ற மண்டபத்திலும் கதிரை அடுக்கிவிட்டுத்தான் வந்தாள். அந்தக் கோடையில் தேர்தல் வந்தபோது தன்னை வென்ற ஆசிரியருக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினாள். அந்தக் கதையையும் சனிக்கிழமைகளில் எனக்குச் சொன்னாள். நான் ம் கொட்டினேன். மாமாவின் பேச்சு எங்களுக்குள் அதன் பிறகு வரவில்லை. பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், அதுவும் இல்லை. தோற்ற பிறகும் அவளுக்குப் போக ஒரு மண்டபம் இருந்ததே என்று எரிந்தது.

இரண்டாயிரத்து ஏழில் அவள் திரும்பவும் நிற்கிறாள் என்று ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் சொல்லித்தான் அறிந்தேன். சுகந்தி சொல்லவில்லை. பெயர்ப்பட்டியலும் தரவில்லை. இரண்டு சனிக்கிழமை காத்திருந்தேன், பிள்ளைகள், குளிர், கறித்தூள் என்று எல்லாம் கதைத்தாள், அதைத் தவிர. அந்த நேரம் இங்கே எங்களுக்கும் உள்ளூராட்சித் தேர்தல். மோர்டென்ஸ்ருட் பள்ளிக்கூடத்தில் திரைக்குப் பின்னால் நின்று வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். சப்பாத்தைக் கழற்றாமலே குணம் மாமாவுக்கு எடுத்தேன். ரொறன்ரோவில் காலை பத்து மணி. மூத்தவள் சொல்கிறேன், தங்கச்சி இந்தமுறையும் நிற்கிறாள், வீட்டோடு போய் அவளுக்குப் போடவேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“அதெல்லாம் தங்கச்சி நேரை வந்து சொல்லிப்போட்டா பிள்ளை” என்றார் மாமா. “போனமுறை தோத்த அடுத்த கிழமையே வந்தவ. கலியாணத்துக்கு வந்து சொல்லாதது தன்ரை பிழை எண்டு என்ரை கையைப் பிடிச்சு அழுதவ. இப்ப ஒவ்வொரு ஞாயிறும் இஞ்சைதான் சாப்பாடு.”

அவரே தொடர்ந்தார்.

“நானும் கேட்டனான், அண்டைக்கு நாள் முழுக்க வீட்டிலைதான் இருந்தனாங்கள், ஏன் உன்ரை அக்கா ஒரு போனும் எடுக்கேல்லை எண்டு. அக்காவுக்கு அங்கை சரியான வேலை, பாவம், அவவை ஒண்டும் கேட்டிடாதேங்கோ எண்டு சொன்னவ. அதுதான் நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை.”

மூன்று வருசம். மூன்று வருசச் சனிக்கிழமைகள் அவள் தெரிந்துகொண்டே என்னோடு கதைத்திருக்கிறாள். ஒரு தரமாவது ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதோ ஒன்று செய்திருப்பேன். அந்த நேரத்திலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னை இப்படி மன்னிக்க அவளுக்கு முடிகிறதே என்றுதான் முதலில் பொறாமைப்பட்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

“நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை” என்றார் மாமா. “நாங்கள் இஞ்சை பாத்துக்கொள்ளுவம். நீ உன்ரை அங்கத்தை அலுவலைப் பார்.”

அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் சுகந்தி இருந்தாள், மாமா இருந்தார், எட்டு வாக்கும் இருந்தது. யன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூடப் பக்கம் இருந்து வந்த அடுத்த வீட்டு நோர்வேக்காரி, வாக்குப் போட்டாயா என்பதுபோலக் கையால் பெட்டிக்குள் சீட்டுப் போட்டுக் காட்டினாள். நான் ரிசீவரைக் காதில் இருந்து எடுக்காமல், மற்றக் கையால், போட்டுவிட்டேன் என்று காட்டினேன்.