வண்டு மெஷினுக்காக ஒரு பட்டிமன்றம்

வண்டு மெஷின்தான் உசத்தி. அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன். மறுத்துப் பேச ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வரலாம். எனக்கு வேறு அவசர வேலை ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், புக்கிட் ரம்பாயில் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் ஒரு சீனருடைய கோப்பிக் கடை இருந்தது. கடையின் பக்கச் சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு இரண்டு வீடியோ கேம் மெஷின்கள் நின்றன. டோக்கன் போட்டு நின்றுகொண்டே விளையாட வேண்டும். பழைய மெஷினில் கறுப்புத் திரையின் அடியில் ஒரு சின்ன வெள்ளைக் கப்பல். அது இடது பக்கம் போகும், வலது பக்கம் போகும், சுடும், அவ்வளவுதான். மேலே வரிசை கட்டி நிற்கும் வண்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நம் தலைமேல் பாயும். அதுதான் வண்டு மெஷின். பக்கத்தில் நின்ற புதியது பிளேன் மெஷின். அதில் கடல், காடு, பாலைவனம் எல்லாம் கலர் கலராக நகரும். குண்டு உண்டு, லேசர் உண்டு, இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம்.

பிளேன் மெஷினை என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் பட்டா போட்டு வைத்திருந்தார்கள். அண்ணன் அப்போது மூன்றாம் படிவம், பதினைந்து வயது. குரல் உடைந்துகொண்டிருந்தது, அந்தக் குரலுக்கு ஏற்ற மிடுக்கும் வந்திருந்தது. நான் ஐந்தாம் ஆண்டு, பதினொரு வயது. பெண் பிள்ளை அங்கே நிற்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். ஆனால் வண்டு மெஷினை யாரும் சீண்டுவதில்லை என்பதால் அங்கே என்னை விரட்டவும் ஆளில்லை. சீனி வாங்கப் போனால் ஒரு ஆட்டம், முட்டை வாங்கப் போனால் ஒரு ஆட்டம். புள்ளிப் பட்டியலின் முதலிடத்தில் என் பெயரின் மூன்று எழுத்துகள் மின்னும். இரவு கடை முதலாளி தவுக்கே பிளக்கைப் பிடுங்கியதும் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறந்தால் என்ன, மறுநாள் மறுபடியும் முதலிடம் பிடித்தேன். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை தவுக்கே குண்டைத் தூக்கிப் போட்டார். ஐஸ்கிரீம் பெட்டி வைக்க இடம் வேண்டும், மெஷின்காரன் நாளை மாலை லோரியோடு வருவான், இரண்டில் ஒன்று போகிறது என்றார். எது என்று கேட்டோம். அவருக்கு இரண்டிலும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளைகள் கூட்டம் கலையாமல் இருந்தால் போதும். "நீங்க சொல்லு. எது சொல்றீங்களோ அது வெச்சிக்கிறேன்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதை எப்படித் தீர்ப்பது? சீனப் பிள்ளைகளாக இருந்தால் கை தூக்கச் சொல்லி எண்ணியிருப்பார்கள். மலாய்ப் பிள்ளைகளாக இருந்தால் கையால் கல், காகிதம், கத்தரி காட்டி முடித்திருப்பார்கள். நாங்கள் தமிழர்கள். பட்டிமன்றம் வைத்தோம்.

யோசனை மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்தார், டயர் கடையில் வேலை. கோயில் திருவிழா பட்டிமன்றத்துக்கு மைக் கட்டுவதும் நாற்காலி அடுக்குவதும் அவர்தான். மேடையேற மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. அந்த ஏக்கம் மனிதருக்குள் புழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் கோப்பிக் கடையில் பளிங்கு மேசைக்குப் பின்னால், திருநீறு பூசிக்கொண்டு, சலவைச் சட்டையில் நடுவராக உட்கார்ந்தார். மணிக்குப் பதில் கிளாசும் கரண்டியும். தலைப்பைத் தூய தமிழில் அறிவித்தார்: "சுடும் விளையாட்டில் தலைசிறந்தது பழையதா, புதியதா?"

புதியது கட்சிக்கு அண்ணன். கைதட்ட அவன் கூட்டாளிகள் ஐந்தாறு பேர். பழையது கட்சிக்கு நான். கைதட்ட யாரும் இல்லை.

"பொம்பளப் பிள்ளை பேசினா நான் பேச மாட்டேன்லா" என்று எங்கள் ஊர் 'லா' போட்டு அண்ணன் ஆரம்பித்தான்.

"அப்ப பேசாத. நான் ஜெயிச்சிட்டேன், வீட்டுக்குப் போ" என்றேன்.

நடுவர் கிளாசைத் தட்டினார். அண்ணன் பேசினான். நன்றாகவே பேசினான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பிளேன் மெஷினில் சிவப்புப் பெட்டியைப் பிடித்தால் ஒரு குண்டு மூன்றாகும், மூன்று ஐந்தாகும் என்றான். ஒவ்வொரு ஊரின் முடிவிலும் திரையை அடைத்துக்கொண்டு ஒரு ராட்சசக் கப்பல் வருகிறது, அதைப் பார்க்கவே டோக்கன் போடலாம் என்றான். கூட்டாளியோடு தோளுக்குத் தோள் நின்று சண்டை போடலாம், செத்துப் போனாலும் இன்னொரு டோக்கன் போட்டால் செத்த இடத்திலேயே எழுந்திருக்கலாம் என்றான். "வண்டு மெஷின்ல என்னாலா இருக்கு? எடது, வலது, டுமீல். எடது, வலது, டுமீல். முடிவே கிடையாது!" கடை அதிரக் கை தட்டினார்கள். இரண்டு மேசை தள்ளிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த லோரிக்காரர்கள்கூடத் தட்டினார்கள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் கோபம் வந்துவிட்டால் எனக்குப் பயம் போய்விடும், அது இன்றுவரை அப்படித்தான். நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"நடுவர் அவர்களே! வண்டு மெஷினில் ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான் சுட முடியும். அது மேலே போய்த் தொலையும் வரை அடுத்தது வராது. தப்பாகச் சுட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு குண்டையும் யோசித்துச் சுட வேண்டும். பிளேன் மெஷினில் பட்டனை அமுக்கிக்கொண்டே பிசாங் கோரேங் பலகாரம் சாப்பிடலாம்!"

லோரிக்காரர் ஒருவர் சிரித்தார். போதும், அது போதும் எனக்கு. அதற்குப் பிறகு நான் எதற்கும் பயப்படவில்லை. பிளேன் மெஷினில் திரை முழுக்க நெருப்பு, எது நம்மைக் கொன்றது என்றே தெரியாது. வண்டு மெஷினில் செத்தால் யார் தப்பு என்று நமக்கே தெரியும் என்றேன். அங்கே சிவப்புப் பெட்டி கிடையாது, தவுக்கே மகனுக்கும் எனக்கும் அதே மூன்று கப்பல்தான் என்றேன். "செத்த பிறகு டோக்கன் போட்டு எழுந்திருக்கிறானே என் அண்ணன், அவன் திறமை எங்கே இருக்கிறது? கையிலா, பாக்கெட்டிலா? முடிவே கிடையாது என்கிறான். ஆமாம், கிடையாது! வண்டுகள் வந்துகொண்டே இருக்கும். வர வர வேகம் கூடும். ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்தும் நின்று சுடுகிறோமே, அதுதான் ஆட்டம்! அதுதான் வீரம்!"

அந்தக் கடைசி வரியைச் சொன்னபோது எனக்கே புல்லரித்தது.

மாமா கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புக்கு வந்தார். பழமை வேர் என்றார். புதுமை கிளை என்றார். வேரில்லாமல் கிளையில்லை, கிளையில்லாமல் நிழலில்லை என்றார். ஆகவே பழைய மெஷினும் புதிய மெஷினும் நமக்கு இரண்டு கண்கள் என்று முடித்து, கைகூப்பி எழுந்து நின்றார். அவர் கேட்ட பட்டிமன்றங்களில் எல்லாம் தீர்ப்பு அப்படித்தான் இருந்தது. யாருடைய மனமும் நோகாமல் முடிப்பதுதான் நடுவருக்கு அழகு என்று அவர் நம்பியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தவுக்கேக்கு அதைவிட. தீர்ப்பை யாரோ மொழிபெயர்த்துச் சொன்னதும் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "ரெண்டு கண்ணு மானா போலே? எப்பிடி முடியும்? ஒண்ணு! ஒண்ணு போகணும்! லோரி வருது!"

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. வழவழா கொழகொழாவென்று பேசப் பழகியவரை ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் எப்படி? இந்தப் பக்கம் அக்காள் மகன், அந்தப் பக்கம் அக்காள் மகள். அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் பாக்டரி பஸ் நின்றது. அம்மா இறங்கினாள்.

முதல் நாள் மாலை நைட் ஷிப்டுக்குப் போனவள், ஓவர்டைமும் சேர்த்துப் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானத்துக்குத்தான் திரும்பியிருந்தாள். எங்கள் வீட்டில் அது அதிசயமில்லை. எலக்ட்ரானிக் பாக்டரியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, பெல்ட்டில் வரும் சின்னச் சின்னத் தகடுகளைப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. நீலச் சீருடை, தோளில் பை. நாற்காலி மேல் நின்ற என்னையும், கீழே நின்ற அண்ணனையும், திருநீற்றோடு நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடா கூத்து இது?"

மாமா பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தார். "அக்கா, நீயே சொல்லிரு. ரெண்டு பேருக்கும் நீதான் தாய். நீ என்ன சொன்னாலும் இவங்க கேட்டுக்குவாங்க. ரெண்டுலயும் ஒரு ஆட்டம் ஆடிப் பாரு, எது நல்ல மெஷின்னு சொல்லு."

"எனக்கு என்னாடா தெரியும்? தூக்கம் தள்ளுது, விடு."

விட்டால்தானே. அண்ணன் பையை வாங்கிக்கொண்டான். நான் மறு கையைப் பிடித்தேன். லோரிக்காரர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

முதலில் பிளேன் மெஷின். பிளேனை நகர்த்தும் குச்சியை எப்படிப் பிடிப்பது என்று அம்மா புரிந்துகொள்வதற்குள் பிளேன்கள் வெடித்து முடிந்தன. அடுத்த டோக்கன் கேட்டுத் திரையில் எண்கள் பெரிதாகத் தோன்றி ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கின. அம்மா கையை எடுத்தாள். அண்ணன் சட்டென்று டோக்கனைப் போட்டான். பிளேன் உயிரோடு எழுந்தது. அது வெடித்தது. மறுபடியும் எண்கள், மறுபடியும் டோக்கன்.

"இன்னும் இருக்கும்மா, போகாத! பெரிய கப்பல் இன்னும் வரல!"

"நான்தான் செத்துட்டேனே, ஏன்டா திரும்பத் திரும்ப எழுப்புற?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

பிறகு என் மெஷின். டோக்கனை நானே போட்டேன். அம்மா பட்டனை ஒரு தடவை அமுக்கினாள், குண்டு வண்டுகளுக்கு நடுவில் புகுந்து வெளியே போனது. முதல் கப்பல் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் போயின. இதைவிட மோசமாக யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. திரையில் ஆட்டம் முடிந்ததென்று ஒரு வரி வந்து நின்றது. அம்மா கையைக் குச்சியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"திரும்ப எழுப்பாதா?"

"எழுப்பாது. அவ்வளவுதான்."

அம்மா குச்சியிலிருந்து கையை எடுத்தாள். "இதுதான் நல்ல மெஷின்லா" என்றாள். "செத்தா விட்டுருது."

நான் போட்ட கூச்சலில் தெருநாய் குரைத்தது. மாமா நிம்மதியில் கிளாசைத் தட்டோ தட்டென்று தட்டி, பழைய மெஷின் வென்றது என்று மூன்று மொழிகளில் அறிவித்தார். அண்ணன் கள்ள ஆட்டம் என்று கத்தினான். அம்மாவுக்கு விளையாடவே தெரியவில்லை, அது எப்படித் தீர்ப்பாகும் என்று கேட்டான். யார் காதில் விழுந்தது? மாலையில் லோரி வந்து பிளேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனது. நான் கோப்பிக் கடை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அது தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன்.

அன்று மெஷினைப் பற்றி நான் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட இன்றும் திரும்பப் பெற மாட்டேன். ஒற்றைக் குண்டு, எல்லோருக்கும் மூன்றே கப்பல், நம் தப்புக்கு நாமே பொறுப்பு. அதற்குமேல் ஒரு ஆட்டத்துக்கு என்ன வேண்டும்? ஆனால் என் பேச்சுதான் அம்மாவை அசைத்துவிட்டது என்று நான் நம்பினேன். நான் பேசி முடித்த பிறகுதான் அவள் பஸ்ஸை விட்டே இறங்கினாள் என்பது என் நினைவில் நிற்கவே இல்லை. அவள் சொன்ன வரியைத் திருடி என் வரியாக்கிக்கொண்டேன். "செத்தால் விட்டுவிடும், அதுதான் நல்ல மெஷின்" என்று தாமான் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அண்ணன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதைச் சொல்லி அடைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் அம்மா எழுந்து பசியாறிவிட்டு, வாசலில் குனிந்து காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பதால் சூப்பர்வைசர் வருகிறவர்களின் பெயர் கேட்டால் அவள் வேண்டாம் என்று சொல்வதில்லை. நான் பாயிலிருந்து எழுந்து ஓடி வந்து, அவளுக்கு முன்னால் நின்று, கையை உயர்த்தி, மேடைக் குரலில் முழங்கினேன். "செத்தால் விட்டுவிடும்! அதுதான் நல்ல மெஷின்!"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஆமாம்மா, நீதான் ஜெயிச்ச" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருட்டில் நடந்தாள். ஜெயித்த சந்தோஷத்தில் நான் மறுபடியும் படுத்து நன்றாகத் தூங்கினேன்.