கோழிப்பண்ணையில் கற்ற கொரிய மொழி

கொரிய மொழியை நான் படித்தது நாமக்கல் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணையில், மக்காச்சோள மூட்டை மேல் உட்கார்ந்து. அப்போது எனக்கு ஒன்பது வயது. வாத்தியார், பெரியப்பா மகளான அக்கா. கல்லூரி முடித்து, மாப்பிள்ளை அமையும்வரை வீட்டில் இருந்தவள், செல்போனில் கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து அந்த மொழியையே பிடித்துக்கொண்டாள். பேசிப் பழக ஆள் வேண்டுமே, என்னைப் பிடித்தாள்.

வந்தான், வந்தாள் இரண்டுக்கும் அங்கே ஒரே வினைதான். வந்தவர் ஆணா பெண்ணா என்று அது கேட்காது. மரியாதை தரவேண்டியவரா என்று மட்டும் கேட்கும். “நம்ம ‘ங்க’ போடறாப்பலதான் சாமி, பெரியவங்கன்னா கடைசியில ஒண்ணு ஒட்டிக்கோணும்” என்றாள் அக்கா. செல்லமாகக் கூப்பிடுவதென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் ‘சாமி’தான். அது எனக்குச் சுலபமாக வந்தது. உறவுமுறையில்தான் வம்பு. அக்காவை நான் கூப்பிட்டால் ஒன்னி, என் தம்பி கூப்பிட்டால் நூனா. அக்கா ஒருத்திதான், கூப்பிடுகிறவர் பெண்ணா பையனா என்று பார்த்துச் சொல் மாறும். ஒன்னி என்று கூப்பிட தம்பிக்கு வழியில்லை என்று தெரிந்ததும் எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி மாளாது. நாள் முழுக்க அவன் காதில் அதையே ஓதினேன்.

சென்னைப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்க்க ஆள் எடுத்தார்கள். அக்கா யாருக்கும் சொல்லாமல் எழுதிப் போட்டாள். போனிலேயே நேர்முகத் தேர்வு, காலை பதினொரு மணிக்கு. பெண்பிள்ளையைச் சேலம் தாண்டித் தனியாக அனுப்பமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பெரியப்பா. அவருக்குத் தெரியக்கூடாது என்று என்னைக் காவலுக்கு வைத்தாள்.

சிக்னல் கிடைப்பது தீவன குடோனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மட்டும். தினமும் பத்து மணிக்கே தீவன அரவை முடிந்துவிடும். அன்றைக்கென்று சோள லோடு தாமதமாக வந்து, அக்கா போனை எடுத்த நேரத்தில் மிஷினை ஓட்டிவிட்டார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கொரிய மொழியில் மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அழுகிற குரலில் கேட்டாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்து நின்றார்.

“யாருகிட்ட பேசறா?”

“கொரியாக்காரங்ககிட்டங்க. வேலைக்குக் கேள்வி கேக்கறாங்க.” பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“ஆம்பளையா, பொம்பளையா?”

“அந்தப் பாஷையில அதெல்லாம் தெரியாதுங்க பெரியப்பா.”

அவர் அக்காவின் முதுகைப் பார்த்தபடி நின்றார். பிறகு குடோனுக்குள் போனார். தொலைந்தோம் என்று நினைத்தேன். சட்டென்று அரவை நின்றது. மிஷின் கெட்டுப்போய்விட்டது, மாரியாத்தா கண் திறந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா காதிலிருந்து கையை எடுத்தாள். அதற்கப்புறம் அவள் பேச்சில் தடங்கலே இல்லை.

மத்தியானம் சாப்பிடும்போது, மிஷின் மக்கர் பண்ணிவிட்டது என்றார் பெரியப்பா.

“போன வாரந்தானுங்க புது பெல்ட்டுப் போட்டீங்க?” என்றாள் பெரியம்மா.

“அது நிக்கோணும்னா நிக்கும்” என்றவர், அக்காவின் பக்கம் திரும்பாமலே அவள் தட்டைக் காட்டி, “சாமிக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து” என்றார்.

வேலை கிடைத்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சென்னையில் விட்டுவந்தவர் பெரியப்பாதான். கொரிய இலக்கணத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்தது நான்தான் என்று பல வருஷம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அரவை நின்றதும் குடோன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தேன். பெரியப்பா ஒரு கையைச் சுவிட்சின் மேல் வைத்திருந்தார். இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்து, மூட்டை இறக்குகிறவர்களைச் சத்தம் போடாதிருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மிஷின் கெட்ட கோபத்தில் ஆட்களை அதட்டுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.