வெள்ளை விருந்து

பன்னீர் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் வயிறு எரியும். காரணம் என் அத்தை மகள் பிலோமினா. சாந்தோமில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த அத்தை, மாமாவுக்குக் கப்பல் கம்பெனியில் உத்தியோகம் உயர்ந்ததும் மாம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டு போய், அந்த வருஷமே மகளின் "புதுநன்மை"க்கு, அதாவது அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளுக்கு, "ரோஸ் பார்ட்டி" என்று ஒன்றை வைத்தாள். ரோஸ் நிறத் தேங்காய் மிட்டாய், பன்னீர் விட்ட ரோஸ் சர்பத், ரோஸ் காகிதத் தோரணம், போதாக்குறைக்கு மாமாவின் சட்டைப் பையில் ஒரு ரோஜாப்பூ. பிலோமினா, தன் நாக்கும் ரோஸாகிவிட்டதை வந்தவர்களுக்கெல்லாம் நீட்டி நீட்டிக் காட்டினாள். நான் வயிறு முட்டச் சர்பத் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் பொறாமையாவது அழுகையோடு போயிற்று. அம்மாவுடையது அடுத்த கோடையில் என் புதுநன்மை வரும்வரை உள்ளேயே கனிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அன்று வெள்ளை கவுனும் வெள்ளை முக்காடும் போடுவதால், விருந்தும் முழுக்க வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். இடியாப்பம், சர்க்கரை போட்ட தேங்காய்ப்பால், மஞ்சள் சேர்க்காத கோழி இஷ்டு, குடிக்க இளநீரில் மிதக்கும் நுங்கு, சுவர்களை மறைக்க அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய வெள்ளைத் துப்பட்டிகள், அவற்றின் மேல் மல்லிகைச் சரம். கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த நைனா இதையெல்லாம் பார்த்து, "புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கினு கீது" என்று சிரித்தார். "எல்லாம் சரி, இலை பச்சையாச்சே, அதுக்கு இன்னா பண்ணப் போறே?" என்றும் கேட்டார். அம்மா அன்று மாலையே எங்கேயோ போய்ப் பீங்கான் தட்டுகள் கேட்டு வாங்கி வந்தாள்.

அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்கு நன்மை இல்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் இன்னொரு வழக்கம் இருந்தது: புதுநன்மை வாங்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் அவள் தாயும் பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியருகே முழங்காலிட்டுச் சேர்ந்து வாங்குவாள். பிலோமினாவோடு அத்தை அப்படி முழங்காலிட்டதைப் பார்த்த நாளிலிருந்து, சர்பத்தைவிட அதற்குத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன். "பல் விளக்கும்போது ஜாக்கிரதை, ஒரு சொட்டு உள்ளே போனாலும் போச்சு" என்று அம்மா எனக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதுநன்மையன்று விடியற்காலையிலேயே அம்மா அடுக்களை வேலையை முடித்துவிட்டு, அவசரமாகச் சேலை மாற்றிக்கொண்டு என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். ஞானஸ்நானத்தில் எனக்குத் தாய்க்கு அடுத்தபடியாக, ஞானத்தாயாக நின்றவளும் அத்தைதான். வாசலிலேயே நின்றிருந்த அவள், தன் வழக்கமான நக்கலோடு, "எல்லாம் வெள்ளையாமே! பால்ல சக்கரையாவது கீதா, அதுவும் வெள்ளைதானேன்னு பார்க்காம உட்டுட்டியா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உள்ளங்கையில உட்டு நக்கிப் பார்த்துட்டுத்தான் வந்தேன் அண்ணி, அதெல்லாம் சரியாத்தான் கீது" என்றாள்.

சொல்லி முடித்தவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். கூட வந்திருந்த நைனா மெதுவாக, "ஒரு சொட்டுதானே, உடு" என்றார். "சொட்டுன்னாலும் சாப்பாடு சாப்பாடுதாங்க" என்று அம்மா தலையை ஆட்டிவிட்டு, என் முக்காட்டைச் சரி செய்து, என் கையை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தாள்.

பூசையில் என் பக்கத்தில் முழங்காலிட்டவள் அத்தை. ஒரே மகள் பிலோமினாவோடு ஒரு தடவை, என்னோடு ஒரு தடவை. ஒரே மகளான என்னோடு என் அம்மாவுக்கு ஒரு தடவைகூட இல்லை. சாமியார் என் நாக்கில் அப்பத்தை வைத்தபோது, பக்தியாக இருக்க வேண்டிய அந்த நேரத்தில், அத்தையை இடித்துத் தள்ளலாமா என்றுதான் யோசித்தேன்.

விருந்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். பிலோமினா மறுபடி மறுபடி இடியாப்பம் கேட்டு வாங்கினாள். மாமா நுங்கு வாங்கிய இடத்தை விசாரித்தார். அத்தையே, "என் வீட்டு ரோஸ் பார்ட்டி இதுக்கு முன்னால ஒண்ணுமில்ல" என்று மனதாரச் சொல்லிவிட்டாள். இதைக் கேட்கத்தான் அம்மா ஒரு வருஷம் காத்திருந்தாள். கேட்டதும், "இன்னும் கொஞ்சம் பால் ஊத்தட்டுமா அண்ணி?" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது நள்ளிரவு நோன்பு போய்விட்டது. பூசைக்குக் கொஞ்ச நேரம் முன்புவரை சாப்பிடலாம் என்றாகிவிட்டது. எங்கள் கோயிலில் கிராதியைக்கூடப் பெயர்த்துவிட்டார்கள். பார்ட்டியை யாரும் வீட்டில் வைப்பதில்லை, ஓட்டலில் சொல்லிவிடுகிறார்கள். போன கோடையில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் புதுநன்மைக்குப் போயிருந்தேன். காலையில் என்னோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்ட அவள் தாய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், கூடவே நின்று நன்மை வாங்கிக்கொண்டு வந்தாள். என் அம்மா இருந்திருந்தால் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பாள். அம்மா இல்லாததால் நான் பட்டேன்.