ஆறு பொத்தான் கோட்டு

இந்த வாரம் பொத்தான் நுழையும் காஜாவை இன்னும் ஒரு நூல் குறைத்துவிட்டார் டெய்லர். பொத்தானும் அதற்கேற்ப இளைத்துவிட்டது. மகன் போட்டுப் பழகத் தைத்த முதல் சட்டையில் பாட்டில் மூடி அளவு இருந்தது. ஏழாவது சட்டையில் சுண்டுவிரல் நகம்தான்.

கடல் தாண்டி வந்து பதினெட்டு வருஷமாக அடுத்தவர் கால்சட்டைகளைக் குட்டையாக்கிக்கொண்டிருக்கிறார். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி; பாதிப் பேச்சு பல்லுக்குள்ளேயே நின்றுவிடும். ஆள் கடைக்குள் நுழையும்போதே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். அதற்காகவே இரண்டு பெண்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மகனுக்குப் பதினேழு வயது. டவுன் சிண்ட்ரோம். விரல்கள் குட்டை, பிடியில் வலு குறைவு. வீட்டில் அவன் பெயர் ‘முதலாளி’. காப்பி ஆறியிருந்தால் அப்பாவைக் கூப்பிட்டு விசாரணை வைப்பான்.

அவனைப் போன்றவர்களுக்கு வேலை பழக்கும் பட்டறை ஒன்று அடுத்த தெருவில் இருக்கிறது. சேர ஒரே நிபந்தனை: அவர்கள் தரும் ஆறு பொத்தான் கோட்டைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

“அந்தக் கோட்டை வாங்கிட்டு வந்து உள்ள வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வெச்சிடுங்களேன். மேல பொத்தான் சும்மா இருக்கட்டும். யாரு பாக்கப்போறா?” என்றாள் மனைவி. அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை.

டெய்லர் குண்டூசிகளை வெளியே எடுத்தார். “ஊர்ல இருந்தா சித்தி, பெரியம்மா, அத்தைன்னு பத்துக் கை மாட்டிவிடும். இங்க நம்ம நாலு கைதாண்டி. அதுவும் கெழடாகுது. அவன் கை பழகட்டும்.”

நேற்றுப் பட்டறையில் தேர்வு. மனைவியும் கூட வந்திருந்தாள். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் கோட்டை நீட்டினார். முதல் மூன்று பொத்தான்கள் சொன்னபடி கேட்டன. நாலாவது ஐந்தாவதன் காஜாவுக்குள் போய்விட்டது. கோட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. டெய்லர் பாதி எழுந்துவிட்டார்.

“அப்பா, உக்காரு. என் கோட்டு.”

உட்கார்ந்தார். சும்மா இருக்கத் தெரியாத இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி நாலாவதை அவிழ்த்தான். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. யார் அவசரமும் அவனுக்கு ஒட்டவில்லை. நாலு. ஐந்து. வெகுநேரம் கழித்து, ஆறு.

அந்த அம்மாள் பட்டியலில் பெயரை எழுதிவிட்டுக் கைகுலுக்க வந்தார். டெய்லர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கை மட்டும் வரவில்லை.

“என்னங்க, கையக் குடுங்க,” என்று மனைவி தோளில் இடித்தாள்.

“இருடி… ரெண்டும் மரத்துப்போச்சு.”

அவள் குனிந்து வலது கையை உருவியெடுத்து, அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள்.