ஊசியில் ஏறாத நூல்

நகரியில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கொக்கி வைக்க ஊசி கோக்கும்போது நூல் முனையை உதட்டில் வைத்து நனைப்பது என் பழக்கம். போன கோடையில் ஒருநாள் மூன்று முறை வைத்தும் நூல் நனையவில்லை. என் கணவர் ஊசி கோக்கும் கம்பி வாங்கித் தந்தார். நானும் வெயிலால்தான் வாய் வறள்கிறது என்று நாள் முழுக்கப் புதினா மிட்டாயை அடக்கிக்கொண்டேன்.

சில மாதங்களில் ஈறோரமாக நான்கு பற்கள் சொத்தையாகிவிட்டன.

"வெத்தல பாக்குகூட போடாத வாயி, எப்டி இப்டி ஆச்சு?" என்று கணவர் பதறினார். எல்லாப் பல்லும் போய்விடுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திருப்பதியில் பல் மருத்துவர் பார்த்ததும், "தினம் மாத்திரை ஏதாச்சும் போட்டுக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டார். துணித்தூசித் தும்மலுக்கு நானாகவே கடையில் வாங்கி, பல மாதமாகப் போட்டுவந்த மாத்திரையைச் சொன்னேன். வாய் வறட்சிக்கு அடக்கிக்கொண்ட மிட்டாயையும் சொன்னேன்.

"அதுதாம்மா எச்சில வத்த வச்சிருக்குது. எச்சில்ல இருக்கிற என்சைம்தான் கிருமிங்கள அடக்கி வைக்கும். அது கொறைஞ்ச வாயில நீங்க சர்க்கரைய வேற ஊற வச்சிருக்கீங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் புடுங்க வேணாம், அடைச்சிடலாம்."

டாக்டரைக் கேட்டு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டேன். இப்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு தைக்கிறேன். மிட்டாய் டப்பா இருந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. கணவர் வாங்கித் தந்த கம்பி பெட்டியிலேயே கிடக்கிறது. தினமும் முதல் நூலை உதட்டில்தான் வைக்கிறேன். அது நனைந்த பிறகுதான் எனக்கு வேலையே ஓடுகிறது.