பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

யாழினி சிரிக்கும்போதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. சிரித்து முடித்து மூச்சை இழுக்கையில் மெல்லிய விசில். என் மகள் வாயில் ஏதோ ஊதலைப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, "துப்புடி" என்றேன். வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

அப்போது அவளுக்கு நான்கு வயது. மருத்துவர் அதை வீசிங் (மூச்சுக்குழல்கள் சுருங்குவதால் எழும் ஒலி) என்றார். நெபுலைசர் (மருந்தை ஆவிபோலாக்கி மூச்சில் செலுத்தும் கருவி) வைத்ததும் அடங்கியது. பிறகு திரும்பத் திரும்ப வந்தது.

நெய்வேலியில் பிள்ளை இருமினால் யாரும் காரணம் தேடி அலைவதில்லை. தூசி, அவ்வளவுதான். நான் இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில், கரியை ஏற்றிச் செல்லும் கன்வேயர் பட்டைப் பிரிவில் வேலை செய்கிறவன். தூசியைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சீருடையை வாசலிலேயே கழற்றிப்போட்டுக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவேன். கோடை விடுமுறையில் மனைவி கலாவின் ஊரான சிவகங்கைக்குப் போனோம். அங்கே யாழினி இருமவே இல்லை. எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

திரும்பி வந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டை டப்பாபோல மூடினோம். ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தோம். வெளியே காயும் துணியில் கரித்தூசி படிகிறது என்று, கொடியை அவள் படுக்கும் அறைக்குள்ளேயே கட்டினோம். அடுத்த வீட்டு வசந்தா அக்கா பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்துக்காரர். வந்து பார்த்துவிட்டு, "நல்ல காரியம் பண்ணீங்க. நாங்க கூட இப்பிடித்தான் வூட்ட மூடிகினு கெடக்குறோம்" என்றார். எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்துணிகளுக்கு அடியில் பிள்ளை தூங்கினாள். ஒரு வாக்கியத்தை உடைத்து உடைத்துப் பேச ஆரம்பித்தாள். "அப்பா, எனக்கு... தண்ணி." ஒரு காலையில் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடிக்குள் அவள் முகம் சின்னதாகிக் கிடந்தது.

மூச்சு கொஞ்சம் சீரான பிறகு, குழந்தைநல மருத்துவர் எங்களை அழைத்தார்.

"பாப்பா படுக்குற ரூம்ல ஏதாவது வாடை வருதாம்மா?"

"மழைக்காலத்துல எல்லா வீட்லயும் வர்றதுதானே டாக்டர்" என்றாள் கலா.

"கட்டில், பீரோ எல்லாத்தையும் நகத்திப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

யாழினி கட்டிலின் தலைமாட்டில்தான் இரும்பு பீரோ நின்றது. வீட்டுக்குப் போய் அதை இழுத்தேன். பின்னால் சுவர் கறுத்திருந்தது. தொட்டேன், விரலில் பச்சையும் கறுப்புமாக மாவு ஒட்டியது. பூஞ்சணம் (ஈரத்தில் வளரும் பூஞ்சை) தரையிலிருந்து என் இடுப்புயரம் ஏறியிருந்தது. தலையணையைத் திருப்பினால், அடிப்பக்கமெங்கும் புள்ளிகள். தூசிக்குப் பயந்து, பிள்ளையை இதனோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தோம்.

சத்தம் கேட்டு வந்த வசந்தா அக்கா சுவரையே பார்த்தார். உடனே தன் வீட்டுக்கு ஓடினார். சற்று நேரத்தில் அங்கிருந்து இரும்பு பீரோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

செல்போனில் எடுத்த படத்தை மருத்துவரிடம் காட்டினேன். "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். தூசியும் இருக்கலாம். ஆனா இதைச் சரி பண்ணாம அவளை அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க" என்றார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சுவரைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு வெள்ளையடித்தோம். மெத்தையைத் தூக்கி எறிந்தோம். ஜன்னல்களைத் திறந்தோம்; கரி படிந்தால் துடைக்கிறோம். இப்போது ஓடுகிறாள், கத்துகிறாள். இன்ஹேலர் தொடர்கிறது. உங்கள் பிள்ளையும் இப்படி இருமினால், எங்களைப்போலக் காரணத்தை முடிவு செய்துவிட்டு உட்காராதீர்கள். பீரோவை நகர்த்துங்கள்.

முன்பெல்லாம் என் நாட்கள் ஷிஃப்ட் கணக்கில் போயின. இப்போது மழைக்கு வானம் இருட்டும் நாள், இருட்டாத நாள் என்று இரண்டே வகை. திணறலின் அறிகுறியாக, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை குழிகிறதா என்று பார்க்க மருத்துவர் சொல்லித் தந்திருக்கிறார். மகள் எதிரே வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நெஞ்சைத்தான் பார்க்கிறேன்.

நேற்று மாலை தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். யாழினி செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். யாரும் சொல்லாமலே சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"பாத்துட்டியாப்பா? நான் விளையாடப் போலாமா?"